எட்டு அமர்வுகளில் இரண்டு: மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையா, சுயஉதவியா?

மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை அறிய உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் கையில் எடுக்கும் வினாத்தாளின் பெயர் பிஎச்க்யூ-9. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றும், கடந்த இரண்டு வாரங்களில் இன்ன தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். அறவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய தினமும் என்றால் 3. அதிகபட்ச மதிப்பெண் 27. 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். முதல் கேள்வி, எதைச் செய்யவும் நாட்டம் இல்லாமல் போனதைப் பற்றியது. நான்காவது, உடம்பில் தெம்பில்லாமல் போனதைப் பற்றியது. ஏழாவது கேள்வியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்: செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்ற காரியங்களில்கூட மனத்தை நிறுத்த முடியாமல் சிரமப்பட்டீர்களா?

இந்த மூன்றுக்கும் ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் ஒருவரிடம், ஒரு தடித்த புத்தகத்தையோ ஒரு கணினி நிரலின் கடவுச்சொல்லையோ கொடுத்து, இதை நீங்களே படித்து, பயிற்சிகளை நீங்களே செய்து, உங்களை நீங்களே தேற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பி வைப்பது எந்த அளவுக்குப் பயன் தரும்? இங்கிலாந்தில் இதை ஊகத்துக்கு விடாமல் 691 நோயாளிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். ரீஆக்ட் என்று பெயரிடப்பட்ட அந்தச் சோதனையின் முடிவு 2015 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பேச்சு சிகிச்சைக்குச் செலவழிப்பது தகுமா, சுயஉதவியே போதுமா என்ற விவாதத்தில் இரு தரப்பும் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டும் சோதனை அது. இரு தரப்புமே அதைப் பாதிதான் படிக்கின்றன என்பது என் கருத்து.

பின்னணி

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காத்திருப்பு உண்டு. உளவியல் சிகிச்சையில் அந்தக் காத்திருப்பு நெடுங்காலமாகவே தீராத தலைவலியாக இருந்தது. மருந்துக்கு இணையாகப் பலன் தருவதாக நிறுவப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சுருக்கமாக சிபிடி, ஒரு பயிற்சி பெற்ற நிபுணரின் முழு மணி நேரத்தை வாரந்தோறும் ஒரே நோயாளிக்காகக் கேட்பது. நிபுணர்களோ கொஞ்சம் பேர். சிபிடிக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அது பெரும்பாலும் கற்றுக்கொடுக்கப்படும் சிகிச்சை. மனத்தில் தானாக எழும் எண்ணத்தைக் கவனித்து எழுதுவது, அதற்கு ஆதாரம் உண்டா என்று சரிபார்ப்பது, நாளின் நேரத்தைத் திட்டமிட்டுச் செயல்களால் நிரப்புவது என்று அதன் வேலைகளைப் பாடத்திட்டம்போல வரிசைப்படுத்திவிட முடியும். பாடமாக்க முடிந்ததைப் புத்தகமாக்கலாம், புத்தகமாக்க முடிந்ததைக் கணினியில் ஏற்றலாம் என்று திட்டமிடுபவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

அந்நாட்டில் எந்தச் சிகிச்சையை ஏற்கலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் என்ற அமைப்பு, மிதமான மனச்சோர்வுக்கு ‘பீட்டிங் த புளூஸ்’ என்ற வணிகக் கணினி நிரலை 2006-இல் பரிந்துரைத்தது. எட்டு அமர்வுகள், வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே காலத்தில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘மூட்ஜிம்’ என்ற நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. காசு கொடுத்து வாங்குவது மேலா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா, இரண்டுமே வழக்கமான மருத்துவர் கவனிப்பைவிடக் கூடுதலாக ஏதாவது தருகின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடி, யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் கில்பாடி தலைமையில் அரசு நிதியில் ரீஆக்ட் தொடங்கப்பட்டது. நிரலை உருவாக்கியவர்கள் தாங்களே நடத்திய முந்தைய சோதனைகள் நம்பிக்கையூட்டும் முடிவுகளைத் தந்திருந்ததால், தொடர்பில்லாத மூன்றாம் தரப்பு ஒன்று சோதிப்பது அவசியமாயிற்று.

நடந்தது

பிஎச்க்யூ-9-இல் 10 அல்லது அதற்கு மேல் பெற்ற 691 பேர், குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். 239 பேருக்குக் குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்பு மட்டும். 210 பேருக்கு அதோடு பீட்டிங் த புளூஸ். 242 பேருக்கு அதோடு மூட்ஜிம். நிரல் பெற்றவர்களை அப்படியே விட்டுவிடவும் இல்லை. வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, உள்நுழைவதில் சிக்கல் உண்டா, அடுத்த அமர்வை எப்போது செய்யப் போகிறீர்கள் என்று விசாரிக்க ஏற்பாடு இருந்தது. அந்த அழைப்பு ஊக்கப்படுத்துவதற்கும் தொழில்நுட்ப உதவிக்குமானது; சிகிச்சையின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுவது அதன் வேலையாக வைக்கப்படவில்லை.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே ஒன்பது கேள்விகள். இன்னும் 10-க்குக் குறையாமல் மனச்சோர்வில் இருந்தவர்கள், பீட்டிங் த புளூஸ் பிரிவில் 50 சதவீதம், மூட்ஜிம் பிரிவில் 49 சதவீதம், மருத்துவர் கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 44 சதவீதம். புள்ளியியல் நோக்கில் இவற்றிடையே வேறுபாடு இல்லை. 12 மாதத்திலும் 24 மாதத்திலும் இதே நிலைதான். காசு கொடுத்து வாங்கிய நிரல் இலவச நிரலைவிட எந்தக் கட்டத்திலும் மேலானதாக இல்லை.

முடிவு அட்டவணையைத் தாண்டி, பயன்பாட்டு விவரத்துக்குப் போனால்தான் கதை புரிகிறது. பீட்டிங் த புளூஸ் பிரிவில் எட்டு அமர்வுகளையும் முடித்தவர்கள் 210 பேரில் 38 பேர், அதாவது 18 சதவீதம். மூட்ஜிம்மின் ஆறு பகுதிகளையும் முடித்தவர்கள் 242 பேரில் 38 பேர், 16 சதவீதம். எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால், முதல் நிரலில் அவர் முடித்தது இரண்டு அமர்வு, இரண்டாவதில் ஒன்று. பெரும்பாலோர் ஒருமுறையாவது உள்ளே நுழைந்து பார்த்தவர்கள்தான். ஆர்வமே இல்லாதவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது. கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள்; நடுக்கூடம் வரை வரவில்லை.

இங்கே ஒரு சொந்த விஷயம். என் மேசை இழுப்பறையில் சிபிடி முறையில் அமைந்த ஒரு பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. தூக்கம் கெட்டு, காலையில் எழுவதே பெரும்பாடாக இருந்த ஒரு மழைக்காலத்தில் வாங்கியது. முதல் நான்கு பக்கங்களில் என் கையெழுத்து நேராக இருக்கிறது. ‘நிகழ்ச்சி’, ‘எண்ணம்’, ‘உணர்ச்சி 100-க்கு எவ்வளவு’ என்ற மூன்று கட்டங்களும் நிறைந்திருக்கின்றன. ஒன்பதாம் பக்கத்தில் ‘எண்ணம்’ என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை. பதினான்காம் பக்கத்துக்குப் பிறகு வெள்ளைத்தாள். புத்தகம் சொன்னது எதுவும் தவறில்லை. பதினைந்தாம் பக்கம் நிரம்பியதா என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை எப்படிப் படிப்பது

பேச்சு சிகிச்சையின் பக்கம் நிற்பவர்கள் ரீஆக்டைக் காட்டி, பார்த்தீர்களா, சுயஉதவி வேலை செய்யாது என்கிறார்கள். அது சரியான வாசிப்பாகாது. ஒப்பிடப்பட்ட 239 பேரும் சிகிச்சை இல்லாமல் நின்றவர்கள் இல்லை. மருத்துவர் கவனிப்பு அவர்களுக்குத் தடையின்றிக் கிடைத்தது, மருந்தோ உளவியல் சிகிச்சையோ பெறவும் கட்டுப்பாடு இருக்கவில்லை. எனவே அச்சோதனை நிறுவியது, நல்ல மருத்துவர் கவனிப்பின்மேல் இந்த நிரல்களை ஏற்றினால் கூடுதல் பலன் தெரியவில்லை என்பதை மட்டுமே. சிறிய அளவிலான பலன் இருந்து கண்ணில் படாமல் போயிருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர் வசதியே இல்லாத ஊருக்கு இந்த முடிவை அப்படியே தூக்கிச் செல்ல முடியாது.

உள்ளடக்கம்தான் பழுதா? அதற்கும் ஆதாரம் குறைவு. பிம் குய்பெர்ஸ் என்ற டச்சு ஆய்வாளரும் உடனிருந்தோரும் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று, ஒருவர் வழிநடத்தும் சுயஉதவியை நேருக்கு நேரான உளவியல் சிகிச்சையோடு ஒப்பிட்ட 21 ஆய்வுகளை, 810 நோயாளிகளின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்விலும் பதற்ற நோய்களிலும் இரண்டின் பலனுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய சுழியம். அதே வகைப் பாடத்தைப் புத்தகத்திலிருந்தோ திரையிலிருந்தோ கற்றுக்கொண்டவர்கள், வாரம் ஒருமுறை சில நிமிடமாவது ஒரு மனிதர் அதை அவர்களோடு சேர்ந்து பார்த்தபோது, நாற்காலியில் எதிரெதிரே அமர்ந்து மணிக்கணக்கில் பேசியவர்களுக்குப் பின்தங்கவில்லை. ஆகவே, ‘பேச்சா, சுயஉதவியா’ என்று கோடு கிழிக்கும் இடமே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. கோடு விழ வேண்டிய இடம், துணையோடு செய்வதற்கும் தனியே விடப்படுவதற்கும் நடுவில்.

அப்படியானால் ரீஆக்டிலும் தொலைபேசி அழைப்பு இருந்ததே என்று கேட்கலாம். நல்ல கேள்வி, அதே ஆய்வுக் குழுவும் அதைக் கேட்டுக்கொண்டது. ரீஆக்ட்-2 என்ற அடுத்த சோதனையில் 369 பேருக்கு மூட்ஜிம்மைக் கொடுத்து, ஒரு பாதியினருக்கு மட்டும், நிரலில் என்ன படித்தீர்கள், வாழ்க்கையில் அதை எங்கே பொருத்திப் பார்த்தீர்கள் என்று உள்ளடக்கத்துக்குள் இறங்கிப் பேசும் முறைப்படுத்தப்பட்ட தொலைபேசி உதவியை அளித்தார்கள். நான்கு மாதத்தில் அவர்களின் பிஎச்க்யூ-9 மதிப்பெண் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய 2 புள்ளி குறைவாக இருந்தது. ஓராண்டு முடிவில் அந்த இடைவெளி சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று கேட்கும் அழைப்பும், போன வாரம் அந்தப் பயிற்சியைச் செய்தபோது என்ன நடந்தது என்று கேட்கும் அழைப்பும் தொலைபேசிக் கணக்கில் ஒன்றுதான். நோயாளிக்கு அப்படி இல்லை.

துணை நிற்பவருக்கு என்ன தகுதி வேண்டும்

இந்த விவாதத்தின் செறிவான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். துணை வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், அந்தத் துணை பல ஆண்டு படித்த உளவியல் நிபுணராக இருக்க வேண்டுமா?

2016-இல் லான்செட் இதழில் வெளிவந்த கோப்ரா என்ற சோதனை, இங்கிலாந்தின் மூன்று இடங்களில் 440 மனச்சோர்வு நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்குத் தேர்ந்த நிபுணர்கள் சிபிடி அளித்தார்கள். மற்றப் பிரிவினருக்கு, உளவியல் சிகிச்சையில் தொழில்முறைப் பயிற்சி பெறாத இளநிலைப் பணியாளர்கள், ‘நடத்தைத் தூண்டல்’ என்ற எளிய முறையை அளித்தார்கள். ஓராண்டு கழித்து இரு பிரிவின் சராசரி மதிப்பெண்ணும் 8.4. செலவு இளநிலைப் பணியாளர் பிரிவில் குறைவு.

அதே ஆண்டின் இறுதியில், அதே லான்செட்டில், கோவாவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்கத் என்ற அமைப்பும் சேர்ந்து நடத்திய அச்சோதனையில், 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடும் மனச்சோர்வு உடைய 495 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஆலோசகர்களாக அமர்ந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாதவர்கள். குறுகிய காலப் பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் பெற்றவர்கள். 6 முதல் 8 அமர்வுகள். ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம். சுகாதார நிலையத்திலோ வீட்டிலோ. மூன்று மாதத்தில், மதிப்பெண் 10-க்குக் கீழ் இறங்கியவர்கள் இந்த அமர்வுகளைப் பெற்ற பிரிவில் 64 சதவீதம். மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

நடத்தைத் தூண்டலின் ஓர் அமர்வில் நடப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏமாற்றம் தரும் அளவுக்குச் சாதாரணமானது. ஒரு தாளில் நாள்வாரியாகக் கட்டங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழுந்ததும் என்ன செய்தீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று எழுதுவார்கள். எழுதத் தெரியாதவருக்கு ஆலோசகரே எழுதிக்கொள்வார். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் புலப்படும்: படுத்தே கிடந்த பிற்பகல்களின் மாலை எப்போதுமே மோசம், கோயில் வரையோ கடை வரையோ நடந்துபோய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்த நாளின் மாலை கொஞ்சம் தேவலை. மனம் சரியானதும் போகலாம் என்று காத்திருப்பதை விட்டு, முதலில் போவது, மனம் பின்னால் வரட்டும் என்று விடுவது. முறையின் கரு இதுதான். செய்ய வேண்டியது சிறியதாக, நாள் நேரம் குறிக்கப்பட்டதாக இருக்கும்: வியாழன் காலை 10 மணிக்கு அக்கா வீட்டுக்குப் போவது என்பதுபோல. அடுத்த வாரம் ஆலோசகர் முதலில் கேட்பது, வியாழக்கிழமை போனீர்களா என்பது. போகவில்லை என்றால் திட்டுவதில்லை. எது தடுத்தது என்று இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள்.

இந்தக் கடைசி அம்சத்தைத்தான் புத்தகத்தால் செய்ய முடிவதில்லை. புத்தகத்தில் போகவில்லை என்ற விடைக்கு இடமில்லை. போகாதவர் பக்கத்தை மூடிவிடுகிறார். அதோடு வினாத்தாளின் ஆறாவது கேள்வி, தன்னைத் தோற்றுப்போனவராக நினைப்பது, கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது: பயிற்சியைக்கூட முடிக்கத் தெரியாதவன் நான். சுயஉதவி தோற்றால் பழி புத்தகத்தின்மேல் விழுவதில்லை, படித்தவர்மேல் விழுகிறது. சுயஉதவிக்கு எதிரான வலுவான வாதமாக நான் கருதுவது இதையே.

நம் ஊரில் ‘சுயஉதவி’ என்றதும் மகளிர் குழுக்கள்தான் நினைவுக்கு வரும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் பெயரில் ‘சுயம்’ இருந்தாலும், நடைமுறையில் பத்துப் பதினைந்து பெண்கள் குறித்த நாளில் கூடி, யார் சேமித்தார்கள், யாருக்கு ஏன் முடியவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். உண்டியலைத் தனித்தனியாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சுயஉதவியே போதுமான இடமும், பேச்சை விட முடியாத இடமும்

எல்லோருக்கும் துணை வேண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. 2021-இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு, 39 சோதனைகளில் இடம்பெற்ற 9,751 பேரின் விவரங்களைத் தனித்தனியாக எடுத்து, வழிநடத்தப்பட்ட இணைய சிபிடியையும் தனியே விடப்பட்ட இணைய சிபிடியையும் ஒப்பிட்டது. மிதமான அளவிலும் அதற்கு மேலும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு வழிநடத்துதல் மேலாக இருந்தது. மதிப்பெண் 9-க்குள் இருந்த இலேசான நிலையினருக்கோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழாவது கேள்விக்கு 0 போடுபவரால் புத்தகத்தைப் படித்து முடிக்க முடியும் என்பதோடு இது பொருந்திப் போகிறது. நைஸ் அமைப்பும் 2022 ஜூன் மாத வழிகாட்டுதலில், தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு முதலில் யோசிக்க வேண்டியதாக வழிநடத்தப்பட்ட சுயஉதவியை வைத்திருக்கிறது. வெறும் சுயஉதவியை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கம், குழந்தைப் பருவக் கொடுமைகளின் நினைவு, உயிரிழப்பையோ வன்முறையையோ கண்ட அதிர்ச்சி, உச்ச உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலை நோய், தற்கொலை எண்ணம் ஆகியவை உள்ள இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மேலே சொன்ன சோதனைகளில் சில, இத்தகையவர்களில் ஒரு சாராரை விலக்கிவிட்டே நடத்தப்பட்டன. தனியாக இருக்கும் ஒருவர் தன் அதிர்ச்சி நினைவுகளைப் பயிற்சிப் புத்தகம் சொன்னபடி தோண்டத் தொடங்கி, மூடத் தெரியாமல் தவிக்க நேரலாம். அங்கே வேண்டியது தகுதியுள்ள நிபுணர்; கோவாவின் உள்ளூர் ஆலோசகர்கள்கூட தங்கள் மேற்பார்வையாளர்களிடம் அனுப்பிவைக்கும் இடம் அது.

இந்தியாவைப் பொறுத்தவரை விவாதமே வேறு தளத்தில் இருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு அப்போது இருந்ததாகவும், சிகிச்சை கிட்டாதோர் விகிதம் நோய்க்கு நோய் மாறினாலும் பெரும்பாலானவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்ததாகவும் கண்டது. இங்கிலாந்தில் கேள்வி, மருத்துவரோடு நிரலையும் சேர்க்கலாமா என்பது. இங்கே பலருக்கு முன்னால் மருத்துவரும் இல்லை, தமிழில் நிரலும் எளிதில் கிடைப்பதில்லை. இருப்பது நகரங்களில் ஒரு மணி நேரத்துக்குக் கூலித் தொழிலாளியின் ஒருநாள் வருமானத்தைத் தாண்டும் கட்டணமும், ஊக்கமூட்டும் காணொளிகளும்தான். அந்தக் காணொளிகளை நான் சுயஉதவி என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கட்டமும் பயிற்சியும் இல்லாத உற்சாகப் பேச்சு சிபிடி புத்தகத்துக்கு மாற்றாகாது.

யாரேனும் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இது. முதலில் அந்த ஒன்பது கேள்விகளுக்கும் மறைக்காமல் விடை எழுதுங்கள். மொத்தம் 10-க்குக் கீழ் இருந்து, ஏழாவது கேள்வியில் 0 அல்லது 1 போட்டிருந்தால், நிபுணருக்குப் பணம் கட்டும் முன் ஒரு நல்ல பயிற்சிப் புத்தகத்தை வாங்கி, வாரம் ஒருநாள், அண்ணனோ தோழியோ, எந்தப் பக்கம் வரை வந்தாய் என்று கேட்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். 10-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரைப் பாருங்கள். சிபிடியோ நடத்தைத் தூண்டலோ அளிக்கும் ஒருவர் கிடைத்தால் ஆறு அமர்வுக்கான செலவைத் திட்டமிட்டுக்கொண்டு போங்கள். போன வாரம் ஒப்புக்கொண்ட வேலையை அடுத்த வாரம் அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். மூன்று அமர்வுக்குள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்றால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 0 தவிர வேறு எந்த எண்ணைப் போட்டிருந்தாலும், மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவை எந்நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.